பவுடர் போடாத முகம்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். புது டாக்டரிடம் கிளம்பிவிட்டேன். சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது, முட்டை மட்டும் பொரித்துக்கொள்ளுங்கள்.

நேற்று உங்களிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அசதி, காய்ச்சல், மூட்டுவலி என்று நான் அடுக்க, அந்தப் பழைய டாக்டர், "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்த ஆத்திரம்தான்.

இன்று கண்ணாடி முன் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் கன்னத்துச் சிவப்பு தெரியாமல் பவுடர் போட்டுக்கொண்டு போனவள் நான். பார்லரில் அடுத்தவர் முகத்தில் தழும்பை மறைத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? "பஸ்ல வலிக்கும், போட்டுக்கோ" என்று கிளம்பும்போதெல்லாம் வலி மாத்திரை கொடுத்தவர் நீங்கள். பாசத்தில்தான் கொடுத்தீர்கள். இரண்டு பேருமாக நோயை வீட்டில் விட்டுவிட்டு, ஆளை மட்டும் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறோம்.

இன்று பவுடரும் இல்லை, மாத்திரையும் இல்லை. கன்னம் தக்காளி மாதிரி இருக்கிறது. விரலெல்லாம் வீங்கிவிட்டது. டாக்டரிடம் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

எழுத்து கோணலாக இருப்பது கோபத்தில் இல்லை.

பி.கு.: பூட்டப் போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போகிறேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. என் டோக்கன் கடைசியில்தான் வரும். தூங்கி எழுந்து வாருங்கள். டாக்டர் கேட்டால் தலையாட்ட வேண்டாம். பூட்டாத கதவைப் பற்றிச் சொல்லுங்கள்.