பாதியில் ஒரு ஆமென்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க: வெங்காயம், நெத்திலி, அவருக்கு பி.பி. மாத்திரை.

நேற்று குடும்ப ஜெபத்தில் என் வீட்டுக்காரர் மறுபடியும் அதே வேலை. நான் கண்ணை மூடி அப்போதுதான் மிஷனரிகளுக்காக வேண்டும் இடத்துக்கு வந்திருக்கிறேன், அதற்குள் "ஆமென்" என்று ஒரு அதட்டல். ஜெபம் முடிந்ததாம்! "சுகந்தி, தோசை ஆறுது. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்." சபையில் எல்லாரும் என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் இந்த மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரோடு இதே வழக்கு.

நவம்பர் 6, வியாழன்

குரோம்பேட்டை, ஆஸ்பத்திரி. மழை விடவில்லை.

செவ்வாய் காலை ஆபீசுக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணல். பக்கவாதம். உயிருக்குப் பயமில்லையாம். "பேச்சு வரலாம்மா, எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறார். காற்றுதான் வருகிறது. என் பெயர்கூட வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர். லிஃப்டுக்குள் போய் அழுதேன்.

சபையார் வந்து அழகாக ஜெபித்தார்கள். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற எனக்கு "இயேசப்பா"வுக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ராஜகீழ்ப்பாக்கத்தில் வெயில்! மெத்தை உறை, துண்டு எல்லாம் துவைத்தேன்.

பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா இட்லியோடு வந்தார். "இன்னா சுகந்தி, அண்ணன் பேசுறாரா? நான் எங்க அம்மனாண்ட வேண்டிக்கினு கீறேன். நீயும் உங்க சாமியாண்ட சும்மா முனகாத, சண்ட போட்டு கேளு."

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டேன். சண்டையே போட்டேன். "அவர் பேச்சை எதுக்குப் பறிச்சீங்க? என் ஜெபத்தை வெட்டினதைத் தவிர அவர் என்ன பாவம் பண்ணார்? எனக்கு அவர் குரல் வேணும். இப்பவே வேணும்." அழுகை, மூக்கு ஒழுகல், எல்லாம். ஆண்டவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

"ஆமென்."

அவர்தான். பழைய அதே குரல், அதே அதட்டல். கண்ணைத் திறந்தால் கோணல் வாயில் சிரிப்பு! நான் போட்ட அல்லேலூயாவில் லட்சுமி அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா ஆச்சு?"

"ஆமென்" என்றார் இவர். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி தூறல். பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் சொல்கிறாள்: "ரொம்பப் பழகின வார்த்தைதான் ஆன்ட்டி முதல்ல வரும்." சொல்லட்டும். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

டீ வேணுமா? ஆமென். ஃபேன் போடவா? ஆமென். என் பெயர் மட்டும் இன்னும் இல்லை.

இன்று ஜெபத்தை வேண்டுமென்றே இழுத்தேன். நர்சுகள், லட்சுமி அக்கா, அக்கா வீட்டு மாடு. "ஆமென்." நிறுத்தவில்லை. தெரு, ஏரி, மாநகராட்சி. "ஆமென்!" விடுவேனா? மிஷனரிகளுக்கு வாயைத் திறந்தேன்.

"சு... சுகந்தி. தோசை."

சுட்டேன். முறுகலாக, நெய் விட்டு, அவர் ஆமென் சொல்லும்வரை சுட்டேன். மிஷனரிகள் நாளைக்கு.