பரம்பரை ஆட்சிக்கு ஓர் உதாரணம்

7-8-1989, திங்கள், ஆவடி.

எட்டாம் வகுப்புக்குப் பண்டைய நாகரிகங்களின் கலைச்சொற்கள் நடத்தினேன். நகர அரசு, குருமார் ஆட்சி வரை தொல்லையில்லை. 'பரம்பரை ஆட்சி: அரசன் இறந்தால் பதவி மகனுக்கு' என்று பலகையில் எழுதி உதாரணம் கேட்டேன். செல்வி எழுந்தாள்.

"எங்க நைனா வேலை மாரி, டீச்சர். வேலைல கீறப்பவே செத்தாதான் அண்ணனுக்கு ஃபேக்டரில வேலை. அடுத்த மாசம் ரிட்டயர் ஆயிட்டா கெடையாது."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது.

"யாருடி இப்படியெல்லாம் பேசறது?"

"நைனாவேதான், டீச்சர். நெஞ்சுவலின்னு படுத்துக்கினு கீறாரு. மாத்திரை துன்றதையும் உட்டுட்டாரு."

விடை சரி, உட்கார் என்றேன். அவள் வீடு எந்தக் குவார்ட்டர்ஸ் என்றாவது கேட்டிருக்கலாம். நாளைக்கு அவள் வகுப்புக்கு வராமலிருந்தால்...