பாறையில் என் முறை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அவனையே போகச் சொல்லிவிட்டேன். என் முறை இது.

எங்கள் மகள் பொட்டலம் பிறந்ததும் புருஷனும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு: கடலுக்குள் இருக்கும் பவளப் பாறைக்கு அலைச்சறுக்க இருவரும் ஒரே நாளில் போகக் கூடாது. ஒருவர் அலையில் என்றால் மற்றவர் கரையில், குழந்தையோடு. பெரிய அலை வரும் நாட்களை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னவளே நான்தான். இப்போது குழந்தைக்குப் பத்து மாதம். முதல் நாலு மாதத்தைக் கழித்துவிடலாம், தையல் ஆற வேண்டும், உடம்பு தேற வேண்டும். மீதி ஆறு மாதம்? ஒரு நாள்கூடப் போகவில்லை. அவளுக்குச் சளி. அவளுக்குப் பல் முளைக்கிறது. எனக்குத் தலைவலி. இன்றைக்கு நான் சொன்ன காரணம், துவைத்த துணி காயவில்லை என்பது. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் சர்ஃபிங் போர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கேட்டிருக்கலாம்.

அப்புறம் வழக்கம்போல மொட்டை மாடி. பைனாகுலரில் பார்த்தால் பாறை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அதில் சில புள்ளிகள். எது அவன் என்று தெரியாது. ஒரு புள்ளியை அவன் என்று வைத்துக்கொண்டு அதற்காகப் பயப்படுவேன். மதியம் பொட்டலம் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். வந்தது. அவளும் விழித்துக்கொண்டாள்.

அவன் பசியோடும் சிரிப்போடும் திரும்பி வந்தான். குதிகாலில் பவளம் கிழித்திருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்புப் போட்டு நான்தான் தேய்த்துக் கழுவினேன். சாப்பிட்டான், படுத்தான், அடுத்த நிமிடம் குறட்டை. எப்படி முடிகிறது இவனுக்கு?

மார்ச் 5

பொட்டலம் ஒரு முறை இருமினாள். இரண்டாவது இருமலுக்காக விடியும்வரை காத்திருந்தேன்.

மார்ச் 8, சனி

அம்மா போன் செய்தாள். நான் கடலை விட்டுவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு பிள்ளைக்குத் தாயாயிட்டே. இனி உனக்குக் கடல்ல என்னடி வேலை?" எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். யாரோ எனக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்த மாதிரி நிம்மதிதான் வந்தது. அதுதான் உறுத்துகிறது.

குழந்தைக்காகப் போகாமல் இருக்கிறேனா? இல்லை, பயந்துவிட்டேனா?

ஏழு வருஷம் அந்தப் பாறையில் அலை பிடித்தவள் நான். அவனைப் பார்த்ததே அங்கேதான். எல்லாக் கடற்கரையிலும் அலை மணலில் சாய்ந்து, தளர்ந்து வரும். பாறையில் அப்படி இல்லை. வெகுதூரத்தில், யாருக்கும் தெரியாமல் ஆழத்திலேயே வந்துகொண்டிருக்கும் அலை, பாறை தடுத்ததும் சட்டென்று சுவராக எழுந்து நிற்கும். அதன் அடியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். விழுந்தால் தண்ணீரில் விழுகிறோம் என்று சொல்ல முடியாது, பாறையில்தான் விழுகிறோம். ஆஸ்பத்திரிக்கு அரை நாள் பயணம். அதனால் படகுக்கார அண்ணன் புதிதாக வருகிறவர்களிடம் அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்பதில்லை. "காலைக் காட்டுங்க" என்பார். பாதத்தில் பழைய பவளக் கீறல் இல்லையென்றால் படகில் ஏற்றமாட்டார்.

என் பாதத்தைப் பார்த்தேன். கீறலெல்லாம் வெளுத்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

வாடகைக்கு விடும் அறைக்கு ஒருவர் வந்திருக்கிறார். பல் டாக்டர். நல்ல மனிதர், நாலு பேர் பேச்சை ஒருவரே பேசுகிறார். வந்ததும் பொட்டலத்தின் வாய்க்குள் விரலை விட்டு, "மேல ரெண்டு, கீழ ரெண்டு, பிரமாதம், ஃபீஸ் அடுத்த தடவை" என்றார். அவள் நன்றாகக் கடித்துவைத்தாள். வியாழக்கிழமை பெரிய அலை வருகிறதாம். அதற்காகவே கிளினிக்கை மூடிவிட்டு வந்திருக்கிறார்.

பாத்திரம் கழுவும்போது அவன் சொன்னான்.

"வியாழக்கிழமை உன் முறை."

"இந்த வாட்டியும் நீயே போ. எனக்கு வந்து..."

"துணி காயலையா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் எதுவும் சொல்லப் போறதில்ல. ஒவ்வொரு தடவையும் குழந்தை மேல தூக்கிப் போடாதே. அவ என்ன பண்ணா, பாவம்."

கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். அப்புறம் சரி, போகிறேன் என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான். ரோஷத்தில் போகிற இடமா அது?

மார்ச் 12, புதன்

கட்டிலுக்கடியிலிருந்து என் போர்டை இழுத்தேன். ஒரே தூசி, சிலந்தி வலை, பொட்டலத்தின் காணாமல் போன சாக்ஸ். பழைய நீச்சல் சட்டை மார்பில் பிடிக்கிறது. குளியலறையில் மூச்சடக்கிப் பார்த்தேன். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. நடுவில் கதவுக்கு வெளியே அவள் அழுதாள், அதனால்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இதோ, மறுபடியும் அவள் மேல்.

பாலைக் கறந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். எவ்வளவு சூடு செய்ய வேண்டும், எப்படித் தட்டித் தூங்க வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் அவளுக்கு அப்பன். குடியிருக்க வந்தவன் இல்ல" என்றான்.

நாளைக்குக் காற்று திசை மாறினால் நன்றாக இருக்கும். மாறாது, போனில் வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

போனேன். எழுதத் தோள் வலிக்கிறது.

படகில் அண்ணன், பல் டாக்டர், நான். டாக்டரின் காலைப் பார்த்த அண்ணன் என் காலைப் பார்க்கவில்லை. "வந்துட்டியாம்மா" என்றார்.

பாறைக்குப் பக்கத்தில் ஆழமான ஓடை மாதிரி ஒரு வழி இருக்கிறது, அங்கே அலை உடையாது. படகை அங்கே நிறுத்தினோம். கடல் தேமேயென்று கிடந்தது. டாக்டருக்கு ஏமாற்றம். இதற்காகவா கிளினிக்கை மூடினேன் என்று போர்டைத் தூக்கிக் குதிக்கப் போனார். அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். "இருங்க சார். அது இன்னும் முகத்தக் காட்டல."

தூரத்திலிருந்து வரும் அலைகள் கூட்டமாக வரும், ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நெடுநேரம் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் வந்து சேர்ந்து, இவ்வளவுதானா என்று குதித்து அடிபட்டவர்கள் நிறைய. உட்கார்ந்திருந்தோம். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். அப்புறம் தொடுவானத்தில் ஒரு கோடு கறுத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதல் அலை பாறையில் எழுந்து கவிழ்ந்தபோது படகின் பலகை அதிர்ந்தது. ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர் தானாகவே திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் குதித்துவிட்டேன். யோசித்தால் குதிக்க மாட்டேன் என்று தெரியும்.

என் முதல் அலையைப் பிடித்தேன். எழுந்து நின்றேன். பிறகு காலுக்குக் கீழே பவளம் வேகமாக ஓடியது, மஞ்சளும் பழுப்புமாக, அவ்வளவு தெளிவாக. ஓடைக்குள் வந்து சேர்ந்ததும் வாய்விட்டு ஏதோ கத்தினேன். என்னவென்று நினைவில்லை. அண்ணன் விசிலடித்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது அலையை எடுக்க ஒரு நொடி தாமதித்துவிட்டேன். எழுவதற்குள் அலை என்னைத் தலைகீழாகத் தள்ளிவிட்டது. முதுகு பாறையில் உரசியது. தலையைக் கையால் மூடிக்கொண்டேன், பழைய பழக்கம். மேலே வர உந்தினேன். வெளிச்சம் தெரிந்தது, அதற்குள் அடுத்த அலை மேலே விழுந்து அமுக்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. போர்டிலிருந்து காலில் கட்டியிருந்த கயிறு இழுத்தது, அது இழுத்த பக்கமே போனேன். மூச்சு. வானம். அண்ணன் படகை நெருங்கக் கொண்டுவந்திருந்தார்.

திரும்பும் வழியில் மார்பு கல்லாகக் கனத்தது. சட்டையெல்லாம் பால். டாக்டர் தன் துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல் வந்தார்.

வீட்டில் பொட்டலம் என்மேல் தாவிக் குடித்தாள். அவன் என் முதுகுக்கு மருந்து போட்டான். அலை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றை எழுத வேண்டும். நேற்று எழுத முடியவில்லை.

அடியில் இருந்தபோது அவள் நினைவு வரவே இல்லை. ஒரு நொடிகூட.

ஆறு மாதமாக என்ன சொல்லிக்கொண்டேன்? விழுந்தால், மூச்சு முட்டினால், அவள் முகம் வரும், நெஞ்சு வெடித்துவிடும், அதனால் போக முடியாது என்றுதானே. ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். பால் கசிந்தபோதுதான் அவள் ஞாபகம். என் உடம்புக்கு இருந்த நினைப்பு எனக்கு இல்லை. என்ன தாய் நான்?

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல இன்னும் கூச்சம். நேற்று இரவு படுத்ததுதான் தெரியும். அவள் மூச்சைப் பார்க்கவில்லை. கதவைச் சரிபார்க்கவில்லை. பத்து மாதத்தில் முதல் தடவை தலைக்குள் சத்தம் இல்லை. அவன் வந்ததும் படுத்துத் தூங்குவானே, களைப்பு என்று நினைத்திருந்தேன். இதுவா அது? இதை ஏன் அவன் சொல்லவே இல்லை?

மார்ச் 15, சனி

படகுத்துறைக் கடைக்கார அக்காவிடம் சோப்பு வாங்கப் போனேன். "வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு வெறுங்காலோட ஓடி வந்தாரு. படகு திரும்புறதப் பாத்ததும் அப்படியே திரும்பிப் போயிட்டாரு. என்னம்மா ஆச்சு?" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை அவன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு கொட்டிவிட்டான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் விழுந்தது தெரிந்ததாம். எழுந்தது தெரியவில்லை, நடுவில் அடுத்த அலை மறைத்துவிட்டது.

"ரெண்டு பேருமே விட்டுடலாம்" என்றான். "நானும் போகல, நீயும் போக வேணாம். யாருக்கும் நஷ்டமில்ல."

எனக்கு வந்த கோபம்! என்றைக்கும் வராத கோபம்.

"ஒரு மதியம் நின்னே நீ. ஒரே ஒரு மதியம். நான் பத்து மாசமா அதே மாடியில நிக்கிறேன். அப்பல்லாம் இது ஆபத்தான இடம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"நீ சொல்லவே இல்லையே."

அது நிஜம். நான் சொல்லவில்லை. அவன் காலைத்தான் கழுவிவிட்டேன். துணி காயவில்லை என்றேன். அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. குரல் உயர்ந்து பொட்டலம் அழ ஆரம்பித்தாள், அவன் தூக்கிக்கொண்டான், நானும் கை நீட்டினேன். அவள் என்ன பொம்மையா, இரண்டு பக்கமும் இழுக்க?

அவள் அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டேன். "அடியில மாட்டிக்கும்போது எங்கள நினைப்பியா?"

அவன் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"மேல வந்ததும் நினைப்பேன்" என்றான்.

நானும் என்னைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

ஆனால் விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. என் முறைகளை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், உன் முறை உன் இஷ்டம் என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மார்ச் 19

"உப்பு எங்கே?" "அங்கேயே." இன்றைய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

நல்ல அலை, அவன் முறை. போனான், ஆனால் சீக்கிரமே வந்துவிட்டான். அலை சரியில்லையாம். சாயங்காலம் அண்ணனைப் பார்த்தபோது, "அருமையான அலைம்மா, உன் ஆளு என்ன, படகவிட்டே இறங்கல" என்றார். அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான்? துணி காயவில்லை என்பானோ. பாவம், நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் இன்னொரு முட்டையைப் பொரித்து வைத்தேன். சாப்பிட்டான். பேச ஆரம்பித்தான், வேறு ஏதோ, குழாய் ஒழுகுவதைப் பற்றி.

ஏப்ரல் 3

பொட்டலம் நின்றாள். பிடிக்காமல். நாங்கள் இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தொப்பென்று விழுந்து, எங்களைப் பார்த்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

நாளை என் முறை. போன தடவை அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் குறைவும் இல்லை.

மாலையிலிருந்து அவன் போனில் அலை முன்னறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் படகின் இன்ஜினைப் பார்த்தாரா என்று கேட்டான். பார்த்தார் என்றேன். கூட யார் யார் என்று கேட்டான். சொன்னேன். "போகாதேன்னு சொல்லல, சும்மா கேட்டேன்" என்றான். தெரியும் என்றேன். கொஞ்சம் கழித்து, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றான்.

"அது அலையப் பொறுத்தது."

சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளும் இதைக் கேட்டது நான், சொன்னது அவன். மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று மாற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினான். பாலை எவ்வளவு சூடு செய்ய வேண்டும் என்று மறுபடி கேட்டான், தெரிந்ததையே.

இப்போது படுக்கப் போயிருக்கிறான். புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் இங்கேவரை கேட்கிறது. கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம், என்ன சொல்வது?

எனக்குத் தூக்கம் வருகிறது.