இடது பக்கத்துக்குத் தனிக் காகிதம்

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். இந்த முறை அந்தச் சொல்லில் பொய் எதுவும் கலக்கவில்லை என்பதால் மனம் நிறைந்தே எழுதுகிறேன். நீயும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, உடலைப் பேணி வருகிறாய் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. மாடிவீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழிய விடுகிறார் என்று நாள்தோறும் படியேறிப் போய் முறையிட்டுவிட்டு வருகிறார். "மாமாவுக்கு மூட்டு வலி போனதே அந்தச் சண்டையிலதான் அத்தை, சமாதானம் ஆயிடாம பாத்துக்கங்க" என்கிறாள் உன் மனைவி. அவள் மறுபடியும் கிண்டல் பேசத் தொடங்கிவிட்டாள் என்பதையே உனக்கு முதற்செய்தியாகத் தெரிவிக்கிறேன்.

தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று நீ நினைக்கலாம். நான் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் நின்று "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் அது இயலாது. மேலும், ஒரு தாய் தன் மகனுக்கு வழக்கமாக எழுதாத பொருளைப் பற்றியது இக்கடிதம். கடையில் பிரா என்பதை நம் வீட்டில் பாடி என்போம், நானும் அவ்வாறே எழுதுகிறேன், கூச்சப்படாமல் படி. உன் மனைவியின் இசைவு பெற்றே எழுதுகிறேன். "நீங்களே எழுதிடுங்க அத்தை, எனக்கு வாயில வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிப்பதற்குள் உன் விடுப்பு தீர்ந்து நீ புறப்பட வேண்டியதாயிற்று. இடது மார்பை எடுத்த பின் அவள் உடல் தேறிவந்த விதத்தை நீ மருத்துவரின் சொற்களாக மட்டுமே அறிவாய். காயம் ஆறிவிட்டது, இனி விமானம் ஏறலாம் என்று அவர் கூறிய பிறகும் இவள் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனதும், "அவளுக்கு என் மேல ஏதாவது கோபமாம்மா" என்று நீ கேட்டதும் என் நெஞ்சில் இருக்கின்றன. கோபம் இல்லை மகனே. நீ ஆசையோடு அனுப்பிய பொட்டலம் நினைவிருக்கிறதா? லேஸ் வைத்த, கைக்கு வழுக்கும் அந்தப் பாடிகளை அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். அளவு சரியா என்று நீ கேட்டபோது "சரியா இருக்கு" என்றாள். சரியாகத்தான் இருந்தது, பழைய உடலுக்கு. அதன் பிறகு அவள் உன்னுடைய தொளதொளத்த பழைய சட்டைகளையே மாற்றி மாற்றி அணிந்துகொண்டு, வாசல் கேட்டுக்குக்கூட வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கடையில் வாங்கிய பாடிகள் எல்லாம் தழும்பின் மேலேயே உரசின.

நான் எவர் வீட்டுக்கும் போய்த் தையல் பயின்றவள் அல்லேன் என்பது உனக்குத் தெரியும். தைத்த உடுப்பைக் கிடத்தி, அது எவ்வாறு உருவாயிற்று என்று அதையே கேட்டுக் கேட்டுக் கற்றேன். ஆகவே அவள் முன்பு விரும்பி அணிந்த பழைய பருத்திப் பாடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தையலைப் பிரிக்காமலேயே அதிலிருந்து அளவுக் காகிதம் எடுப்பதாகத் திட்டம். அடியில் மெத்தென்று ஏதேனும் வேண்டும் என்பதால் உன் அப்பாவின் நாற்காலி மெத்தையை எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் பழுப்புக் காகிதம் விரித்து, அதன்மேல் பாடியைப் பரப்பி, ஒவ்வொரு தையல் கோட்டின் மேலும் குண்டூசியால் குத்திக்கொண்டே போனேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் புள்ளிகள் நிற்கும், பென்சிலால் இணைத்தால் துண்டின் வடிவம் வந்துவிடும். மார்புக் கிண்ணம் வளைவானது, மொத்தமாகப் படியாது. ஓர் ஓரத்தை ஊசியால் நிறுத்திவிட்டு, கையால் நீவி நீவி அடுத்த ஓரத்துக்கு நகர வேண்டும். அடிப்பட்டையில் எலாஸ்டிக் சுருக்கி வைத்திருக்கும் துணியைச் சுருக்கம் போகும்வரை இழுத்துப் பிடித்தே குறிக்க வேண்டும், இல்லையேல் மூச்சு முட்டும் பாடிதான் கிடைக்கும். உன் அப்பா எட்டிப் பார்த்து, "என்ன, பட்டம் விடப் போறியா?" என்றார். பாடிக்கு அளவு என்றதும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, "ஊசிய எண்ணி எடுத்துடு, நான் உக்கார்ற மெத்தை அது" என்று அதற்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

தையற்காரர் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் வரைவது, காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை வெட்டுவது. வலப்பக்கம் தேயாமல் இருந்ததால் அதையே எடுத்தேன். இடக்கிண்ணத்தின் உட்புறம் பஞ்சு வைப்பதற்கு ஒரு பையும் தைத்து, பஞ்சையும் அடைத்து, என் கைத்திறனில் நானே மயங்கி அவளிடம் நீட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று அணிந்துகொண்டாள். அன்று முழுவதும் அவள் கொடியில் துணி போட்டாலும் மேல்தட்டில் டப்பா எடுத்தாலும் வலக்கையை மட்டுமே தூக்குவதைக் கண்டேன். "வலிக்குதாம்மா?" என்றால் "இல்லையே" என்கிறாள். நான் விடவில்லை. கழற்றிப் பார்த்தால், கை தூக்கும்போதெல்லாம் பட்டை மேலேறி உரசியதில் தழும்பு சிவந்து கிடந்தது. "ஆசையா தைச்சீங்க, எப்படிச் சொல்றது" என்றாள். "ஆசை என்னோடது, உடம்பு உன்னோடது. சொல்ல வேண்டியவ நீதான்டி" என்றேன். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். பாடிக்காக அல்ல. "எல்லாம் பழையபடி ஆயிடும்னு அவரு ஒவ்வொரு ஃபோன்லயும் சொல்றாரு அத்தை. பழைய ஆளுக்காகக் காத்துட்டு இருக்காரு. நான் போய் நின்னா ஏமாந்துடுவாரு" என்றாள்.

மகனே, இதை உன்னைக் குறை கூற எழுதவில்லை. நீ தேற்றுவதற்காகவே அதைச் சொன்னாய் என்பதை நான் அறிவேன். அவள் பக்கத்திலேயே இருந்த நானும் பழைய பாடியைத்தானே அச்சாகப் பெயர்த்தேன்? ஒரு புள்ளி பிசகாமல் பெயர்த்திருந்தேன். பிசகே அதுதான்.

மறுநாள் காகிதத்தைத் திருப்பிப் போடவில்லை. இடது பக்கத்துக்கென்று தனிக் காகிதம் விரித்தேன். இந்த முறை உடுப்பிலிருந்து பட்டையின் நீளத்தையும் தோள்பட்டை தொடங்கும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அவள் உடலையே கேட்டு வரைந்தோம். எங்கே தொட்டால் கூசுகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல நான் கோட்டை நகர்த்தினேன். கிண்ணத்தின் வளைவைத் தட்டையாக்கி, அக்குளின் பக்கம் துணியை உயர்த்தி, தையல் எதுவும் தழும்பின் மேல் விழாமல் விலாப்பக்கம் தள்ளி, பழைய படுக்கை விரிப்பில் வெட்டிப் போட்டுப் பார்த்துத் திருத்தினோம். பஞ்சுப் பையைப் பற்றி நான் கேட்டபோது அவள் சற்று யோசித்து, "பை இருக்கட்டும் அத்தை. என்னைக்குப் பஞ்சு வைக்கிறது, என்னைக்கு வேண்டாம்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். திருத்தி முடித்த பாடியை அணிந்து இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள், இறக்க மனம் வரவில்லை போலும். மாலையில் தன்னுடைய உடையிலேயே இறங்கிப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள். மீதிச் சில்லறைக்குக் கடைக்காரர் எலுமிச்சம்பழம் தந்துவிட்டார் என்று அவரை ஏசிக்கொண்டே படியேறியது என் காதுக்கு இனிமையாக இருந்தது.

நேற்று அவளே வாய்திறந்து, பயணச்சீட்டு எடுக்கச் சொன்னாள். ஆதலால் இனி நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். எல்லாம் பழையபடி ஆகும் என்று சொல்வதை இன்றோடு நிறுத்து. அவள் காட்டும்போது பார், கண்ணைத் திருப்பாதே. காட்டாதவரை கேட்காதே. நீ அனுப்பிய பாடிகளை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், அவற்றைப் பற்றி விசாரிக்காதே. அங்கே ஒரு சிறிய தையல் இயந்திரம் பார்த்து வை, பூ வேலை செய்யும் வகையெல்லாம் வேண்டாம், நேர்த்தையலும், எலாஸ்டிக் வைக்க வேண்டிய கோணல் தையலும் போட்டால் போதும். வலது, இடது என்று எழுதிய இரு காகிதங்களையும் சுருட்டி அவள் பெட்டியில் வைக்கிறேன். தழும்பு இன்னும் இளகும், உடம்பு இன்னும் மாறும், இடக்காகிதத்தை அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கும் என்று மருத்துவர் பேச்சிலிருந்து அறிகிறேன். தன் முதுகுக்குப் பின்னால் தானே அளவுநாடா பிடிக்க ஒருவராலும் ஆகாது. இதுவரை நான் பிடித்தேன். இனி நீ பிடி. இதை அவளிடம் சொன்னபோது, "அவரா? நாடாவைத் தலைகீழாப் பிடிச்சுட்டு நம்பர் சொல்வாரு" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்கட்டும்" என்றாள்.

குளிர்காலம் தொடங்குமுன் நல்ல கம்பளி இன்னொன்று வாங்கி வை, அவளுக்குக் குளிர் தாங்காது. இருவரும் ஒருவர்க்கொருவர் நிழலாக, நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ உன் அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய் நில். அளவு எடுக்குமுன் கையைக் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொள், மறவாதே.

என்றும் உன் நலம் நாடும்
உன் அம்மா