ஸ்பீக்கரில் வந்த பதில்கள்

ஜூன் 3
ஹெட்செட் செத்துவிட்டது. ஊரே அடைந்து கிடக்கிறது, புதியது வர நாளாகும், அதுவரை ஸ்பீக்கரில் பேசு என்கிறார்கள் ஆபீஸில். இவர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் நானும் மாமியாரும்தான். இருப்பதும் ஒரே கூடம். போனில் கேள்வி கேட்கும் என் கருத்துக்கணிப்பு வேலையை இனி இரண்டு பேரும் பார்ப்போம். சம்பளம் மட்டும் எனக்கு.

ஜூன் 5
இன்று புதுக் கேள்வி. மூச்சுத்திணறலோடு இரண்டு பேர் வருகிறார்கள், வென்டிலேட்டர் ஒன்றுதான் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம்? முதலில் வந்தவருக்கா, இளையவருக்கா, சீட்டுக் குலுக்கியா? எந்தப் பதில் வந்தாலும் நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார்: "இதென்ன கேள்விங்க? சின்னவங்களுக்குத்தான். பெருசுங்க வாழ்ந்து முடிச்சாச்சு."

நன்றி என்றேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "நன்றி வேற சொல்றியா?"

ஜூன் 9
எல்லோரும் ஒரே பதில். இப்போதெல்லாம் அத்தை முந்திக்கொள்கிறார்: "இளையவருக்கு. எழுதிக்கோ." ஒரு பெரியவர் மட்டும் திட்டிவிட்டு வைத்தார். அவருக்கு அத்தை கைதட்டினார். சிரித்துவிட்டேன். நாங்கள் சேர்ந்து சிரித்து வருஷக்கணக்காகிறது.

ஜூன் 10
சாப்பிடும்போது கேட்டார், "உன்னைக் கேட்டா என்ன சொல்லுவே?"

"நாங்க பதில் சொல்லக் கூடாது அத்தை."

விதி அதுதான். ஆனால் அப்போது வேலை முடிந்திருந்தது.

ஜூன் 14
அத்தை சீக்கிரமே படுத்துவிடுகிறார். சமையலில் குறையும் சொல்வதில்லை. அப்பாடா.

ஜூன் 16
நாலு நாளாகக் காய்ச்சலாம்! தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமியிருக்கிறார். உதடு நீலமான பிறகுதான் எனக்கு — ஒரே கூடத்தில் இருக்கிற எனக்கு — தெரிகிறது. கத்திவிட்டேன். "ஏன் அத்தை சொல்லலை? உப்பு கம்மின்னா மட்டும் சொல்லத் தெரியுதுல்ல?"

"ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போகுது? அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே."

ஆம்புலன்ஸில் என் கையை விடவேயில்லை. "எனக்குத் தருவாங்களாடி?" என்று கேட்டார். அவருக்கு வாழ ஆசை இருந்தது. எவ்வளவோ இருந்தது.

ஜூன் 17
வென்டிலேட்டர் இருந்தது. யாரும் வயதைப் பார்க்கவில்லை. டாக்டர் சின்னப் பெண், திட்டித் தீர்த்துவிட்டாள். "ரெண்டு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா? இங்க பெட் காலியாத்தானே கிடந்துச்சு?"



ஜூன் 19
அத்தை போய்விட்டார். இவரிடம் போனில்தான் சொன்னேன். ஸ்பீக்கரில் போடவில்லை.

ஜூலை 1
கூரியரில் புது ஹெட்செட் வந்தது. மாட்டிக்கொண்டு முதல் எண்ணை அழைத்தேன். வயதான அம்மா. தனியாக இருக்கிறாராம். கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார். "சின்னவங்களுக்கே குடுத்திடும்மா. நமக்கு எதுக்கு?"

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உங்களுக்கு முடியலைன்னா மறைக்காதீங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வந்துவிட்டது.

 அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது கேட்டது.