கத்திரிக்கு முந்தின காட்சி

12-7-1999, திங்கள்

'புயல் வேக மாதவன்' பார்த்து இரண்டு நாள் ஆகியும் எரிச்சல் அடங்கவில்லை. கதாநாயகனுக்கு நாற்பது வயதுக்குக் குறையாது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறானாம். கையில் ஒரே ஒரு நோட்டு, அதையும் விரல் நுனியில் வைத்துச் சுற்றுகிறான். கதாநாயகி பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் என்கிறார்கள். எந்தப் பாடத்தில்? டைரக்டருக்கே தெரியாது. அவள் மெடல் வாங்கும்போது இவன் விசில் அடிக்கிறான். உடனே அவளுக்குக் காதல். அடுத்த பாட்டில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். மெடல் எங்கே போனது?

எங்கள் வீட்டில், அப்பா வழியிலும் சரி அம்மா வழியிலும் சரி, பட்டம் வாங்கினது நான் ஒருத்திதான். அந்த பி.ஏ.வுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு விசிலுக்குக் கொடுத்துவிடுகிற சமாசாரமா அது?

இதையெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடக்கி அனுப்பியாகிவிட்டது. இது மூன்றாவது கட்டுரை. சென்னை வார இதழ் 'வெளியூர் டாக்கீஸ்' என்ற பகுதியை ஆறு கட்டுரைகளுக்கு எனக்குக் கொடுத்திருக்கிறது. சரியாக வந்தால் நிரந்தரம் என்று உதவி ஆசிரியர் சுப்புராமன் எழுதியிருக்கிறார். அவரை நேரில் பார்த்ததில்லை, போஸ்ட்கார்டுதான். போன கார்டில் ஒரே வரி: 'உங்கள் எரிச்சல் நன்றாக இருக்கிறது, குறைக்க வேண்டாம்.'

எதிரே ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது. நான் வேலை பார்க்கிற எஸ்.டி.டி. பூத்தில் 'எந்த ஊருக்கு' என்று கேட்பதற்கே இரண்டு தடவை எச்சில் விழுங்க வேண்டும். எனக்குக் காகிதத்தில்தான் வாய்.

நான் எழுதுகிற விஷயம் என் சிநேகிதி ரோஷன் பீவிக்கு மட்டும் தெரியும். பூத் அவளுடைய அப்பா பஷீருதீன் பாயுடையது. என் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா இங்கே தியேட்டரில் ஆபரேட்டர். அதனால்தான் எல்லாப் படமும் ஓசியில் பார்க்கிறேன். சொன்னால் டிக்கெட் கிழிக்கிறவர் வரைக்கும் கூப்பிட்டுச் சொல்வார். என்னால் அந்தப் பக்கமே போக முடியாது.

16-7-1999, வெள்ளி

புதுப்படம், 'அண்ணன் கட்டிய வீடு'. போஸ்டரிலேயே மூன்று பேர் அழுகிறார்கள்.

17-7-1999, சனி

பார்த்தேன். அம்மாவோடு, ஆறரை மணிக் காட்சி.

அண்ணன் செங்கல் சூளையில் வேலை செய்து தங்கைக்கு வீடு கட்டுகிறான். புதுமனை புகுவிழா அன்று தங்கை செத்துப்போகிறாள். இடைவேளை. அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் கலங்கியது, அதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மணி அடித்து விளக்கு அணைந்தது. திரையில் பனிமலை. மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதே அண்ணன் ஆடுகிறான்! பக்கத்தில் ஒருத்தி மெல்லிசு சேலையில் நடுங்கிக்கொண்டு சிரிக்கிறாள். (எல்லா டைரக்டரையும் ஒரு நாள் அந்தப் பனியில் அந்தச் சேலையோடு நிறுத்த வேண்டும்.) தங்கச்சி செத்து கால் மணி நேரம் ஆகவில்லை. அம்மா கையில் பாதி முறுக்கு அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு படம் முடிகிற வரைக்கும் அவளை நினைத்து ஒருத்தர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செத்தவள் செத்ததுதானா?

எழுதிவிட்டேன். தலைப்பு: 'தங்கையை மறந்த அண்ணன்.' கடைசி வரி: 'இந்த டைரக்டர் வீட்டில் யாராவது செத்தால் அவர் எந்த மலைக்குப் போவார்?'

29-7-1999, வியாழன்

வந்துவிட்டது. ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ரோஷன் பூத்துக்குள் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுகிற மாதிரி எனக்கே வாசித்துக் காட்டினாள். வெளியே ஒருத்தர் போன் பேசக் காத்திருந்தார். மலை வரி வந்ததும் அவரே சிரித்துவிட்டார். நான் ரசீது எழுதுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

4-8-1999, புதன்

இந்தத் தடவை கார்டு இல்லை, ஒட்டின கவர். 

படக் கம்பெனியிலிருந்து பத்திரிகைக்குப் போன் வந்ததாம். இடைவேளை முடிந்ததும் தங்கையை நினைத்து அண்ணன் அழுகிற காட்சி ஒன்பது நிமிஷம் இருக்கிறதாம். பனிமலை அதற்குப் பிறகுதானாம். சுப்புராமன் எழுதியிருக்கிறார்: 'நீங்கள் படத்தைப் பார்த்தீர்களா, பார்க்காமலே எழுதினீர்களா? பதினைந்தாம் தேதிக்குள் விளக்கம் வராவிட்டால் பகுதியை நிறுத்துவதைத் தவிர எனக்கு வழியில்லை.'

பார்க்காமலா? நான் பார்க்காமலா? ஐயோ, இந்தக் கண்ணால பாத்தேனே! அம்மாவைக் கேட்டேன். அவளும் 'அப்புறம் ஐஸ் மலைதான் வந்துச்சு' என்கிறாள்.

5-8-1999, வியாழன்

காலையில் அப்பா சாப்பிடும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அந்தப் படத்தில் தங்கச்சி செத்ததும் அழுகிற சீன் இருக்கிறதா என்று.

"கீதே. நான்தான் எடுத்துட்டேன்."

இட்லியைப் பிட்டபடி சொல்கிறார். சட்னியில் உப்பு குறைச்சல் என்பது மாதிரி.

பாட்டை வெட்டி எடுப்பார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். சீன் எடுப்பார் என்று தெரியாது. ஏன் என்று கேட்டேன்.

"ஒம்போதரைக்கு மாமல்லபுரம் கடைசி பஸ்ஸு. படம் ஒம்போது இருவதுக்கு விட்டாவணும். இல்லேன்னா சிலை செதுக்கற ஆளுங்க, கடல்கரை ஆளுங்க எல்லாம் கிளைமாக்ஸ் பாக்காம எழுந்து ஓட்றாங்க. வந்து மேனேஜர் கழுத்தப் புடிக்கறாங்க. அவரு என் கழுத்தப் புடிக்கறாரு. இன்னாத்த எடுக்கறது? சண்டைய எடுத்தா சேரைக் கிழிப்பானுங்க. இவன் ஒம்போது நிமிஷம் அழுதுகினே கீறான். அத்த வெட்டி ஒட்டிட்டேன். படம் போறப்போ திரும்ப சேத்துக் குடுத்துருவேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அப்போதே கத்திரி போட்டுவிடுவாராம். "இன்னாத்துக்கு பாப்பா கேக்கற?"

ஒன்றுமில்லை என்றேன். 

6-8-1999, வெள்ளி

ஜும்மா தொழுகைக்குப் பாய் பூத்தை மூடிவிட்டுப் போனதும் ரோஷனிடம் கொட்டித் தீர்த்தேன்.

தியேட்டரில் வெட்டினார்கள் என்று எழுதினால் என் பேர் தப்பிக்கும். ஆனால் ஊர் பேர் தெரிந்த கட்டுரை. படத்தைக் கொடுத்தவர்கள் நேரே இங்கே வந்து நிற்பார்கள். மேனேஜர் வாய் வார்த்தையாகச் சொன்னதுதான், 'எனக்குத் தெரியாது, ஆபரேட்டர் வேலை' என்று கை காட்டிவிடுவார். அப்பாவுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எழுதாவிட்டால் நான் படமே பார்க்காமல் புளுகினவள். பகுதியும் போச்சு.

ரோஷன் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "மொதல்ல அந்த ஒம்போது நிமிஷத்தப் பாருடி" என்றாள். அதைப் பார்க்காமல் இப்போதும் நான் என்னத்தை எழுதுவது? சரிதான்.

8-8-1999, ஞாயிறு

நானும் ரோஷனும் மின்சார ரயிலில் தாம்பரம் போனோம். பகல் காட்சி. வெட்டாத படம்.

அழுகைக் காட்சி இருந்தது. எப்படி எழுதுவேன் அதை! வீட்டுச் சுவரில் ஒவ்வொரு செங்கல்லாகத் தடவி, 'நீயாவது சொல்லக்கூடாதா' என்று கேட்கிறான். செங்கல் பதில் சொல்லவில்லை. அடுத்த செங்கல்லிடம் போகிறான். ஊஞ்சலுக்குச் சோறு ஊட்டுகிறான். காக்கா வருகிறது. 'நீதானாம்மா' என்கிறான். மறுபடி செங்கல். பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போய்விட்டது. ரோஷன் என் காதோரமாக, "உங்கப்பா பண்ணது புண்ணியம்டி" என்றாள். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். முன் சீட்டு அம்மா திரும்பி முறைத்தாள்.

திரும்பும்போது கூடுவாஞ்சேரி தாண்டினதும் சிரிப்பு நின்றுவிட்டது. மோசம்தான். அதை நான் பார்த்துவிட்டு நானல்லவா சொல்ல வேண்டும்? எனக்கு முன்னாடி அப்பா பார்த்து, அப்பா முடிவு பண்ணி, மிச்சத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து. 'அவசரக்கார டைரக்டர்', 'கோர்வை இல்லை', 'அம்மா பாத்திரம் திடீரென்று காணாமல் போகிறது' என்று இந்த நோட்டில் எத்தனை திட்டு! அதில் எத்தனை டைரக்டருக்குச் சேர வேண்டியது, எத்தனை மாமல்லபுரம் பஸ்ஸுக்கு?

பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

10-8-1999, செவ்வாய்

எழுதிப் போட்டுவிட்டேன். 'நான் பார்த்தது முழுப் படம் இல்லை. அது எனக்கே அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளாதது என் தவறு. டைரக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது முழுதாகப் பார்த்துவிட்டேன். தங்கையை அண்ணன் மறக்கவில்லை. ஆனால் செங்கல்லை விட்டுவிட்டு ஒரு மனிதரிடமாவது அவன் அழுதிருக்கலாம்.'

தியேட்டர், கத்திரி, பஸ் எதுவும் எழுதவில்லை.

20-8-1999, வெள்ளி

நேற்றைய இதழில் மன்னிப்பு வந்தது, கட்டம் கட்டி. இன்றைக்குக் கார்டு. 'பகுதியை நிறுத்துகிறோம். வேறு வழி இல்லை. முழுப் படம் பார்க்க வழி கிடைத்தால் ஒரு கட்டுரை அனுப்புங்கள், யோசிக்கலாம். எங்கே விட்டுப்போயிற்று என்று நீங்கள் எழுதாததைக் கவனித்தேன்.'

ஒவ்வொரு படத்துக்கும் தாம்பரம் ஓட முடியுமா? ஞாயிறு பார்த்து எழுதினால் பத்திரிகைக்குப் போய்ச் சேருவதற்குள் படமே போய்விடும். முடிந்தது.

22-8-1999, ஞாயிறு

நான் பத்திரிகைக்கு எழுதுவதைப் பஷீருதீன் பாய் டீக்கடையில் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம், ரோஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா இரண்டு இதழையும் கையோடு கொண்டுவந்தார். கூடத்தில் உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர் ஐந்தாவது வரைக்கும்தான். அரை மணி நேரம் ஆனது. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். மலை வரியில் உதடு கொஞ்சம் கோணியது. மன்னிப்பை இரண்டு தடவை படித்தார்.

"வெட்னது நானு. மன்னிப்பு கேக்கறது நீயா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"என் பேரு ஏன் போடல?"

"போட்டா உன் வேலை போயிடும்பா."

பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திட்டவும் இல்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

27-8-1999, வெள்ளி

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மேட்னிக்கு வா. மேட்னிக்கு ஏது கடைசி பஸ்ஸு? முழுசா ஓட்டறேன். இனிமே வெள்ளிக்கெழம மேட்னி வுட்டப்புறம்தான் கத்திரி."

மேட்னிக்குப் போகப் பாயிடம் லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரோஷன் கேட்டாள், செய்த காரியத்துக்குப் பரிகாரம். ஜும்மாவுக்கு மூடினால் ஆறு மணிக்குத் திறந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

படம் 'பனித்துளிக்குப் பல்லக்கு'. மூன்று மணி நேரம், ஒரு அடி குறையாமல். நானே கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை. கதாநாயகனுக்கு ஒரு முயல். காதலியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் முயலிடம் சொல்கிறான். முயல் காதை ஆட்டுகிறது. அதை ஆறு கோணத்தில் காட்டுகிறார்கள்.

படம் விட்டு எல்லோரும் போன பிறகு, ஆபரேட்டர் ரூம் படிக்கட்டின் கீழே அப்பா நின்றிருந்தார். பனியனால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பன்னெண்டு நிமிஷம் ஆவணும். எத எடுக்கலாம் சொல்லு."

நான் எச்சில் விழுங்கவே இல்லை.

"முயலு."

"முயலா? பசங்க கைதட்னானுங்களே பாப்பா."

"எடுத்துடுப்பா. முழுசா."

அவர் மேலே ஏறிப்போனார். நான் பூத்தைத் திறந்து, போன் வராத நேரமெல்லாம் எழுதினேன். முதல் வரி: 'படத்தை முழுதாகப் பார்த்தேன்.' முயலுக்கு மட்டும் அரைப் பக்கம்.

9-9-1999, வியாழன்

'வெளியூர் டாக்கீஸ்' வந்திருக்கிறது. பக்கம் முப்பத்திரண்டு.

சாயங்காலம் பூத்துக்கு மாமல்லபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். கையில் அதே இதழ். நான்தான் எழுதினது என்று அவருக்குத் தெரியாது. பாயிடம் பக்கத்தைக் காட்டிப் புலம்பினார்:

"யாரு பாய் இது, படத்தப் பாக்காமயே எழுதிக்கீது? ரெண்டு வாட்டி பாத்தேன், படத்துல முயலே இல்லியே."

பாய் என்னைப் பார்த்தார். நான் வந்தவரிடம் எந்த ஊருக்கு என்று கேட்டேன்.