இடுப்பில் கட்டிய அந்தோனியார்

சேசு மரி சூசை துணை

இரத்தோட்டை
14.5.1967

அன்பு மகள் டொறீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி செபஸ்தியனும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் ஆஸ்பத்திரி வேலையும் படிப்புமாக இருக்கும் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். தை மாதம் முதல் இந்தச் சுகத்தை வழக்கத்துக்காக எழுதி வந்தேன், இன்றைக்குத்தான் மனதார எழுதுகிறேன். பயப்படாமல் வாசி, முடிவு நல்லதுதான். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அம்மாதான் தடுத்தாள்.

அம்மாவுக்குக் கண் மங்கியது. பூசையில் முழங்காலிலிருந்து எழும்பும்போது ஒரு நொடி எல்லாம் இருண்டுபோய்த் திரும்ப வெளிச்சம் வருகிறது என்றாள். வயசுதானே என்று மாத்தளையில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், அதைப் போட்டும் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. முதுகுவலி அதற்கும் முந்தியது, படுத்தால் கூடும், இடது கால் மரத்துப்போகும், அதற்கு அலுவிகாரையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தயாவின் எண்ணெய். உன் அம்மாவைத் தெரியுமே, எதையும் ஒன்றோடொன்று கலக்கமாட்டாள், மீனுக்கு ஒரு சட்டி, பருப்புக்கு ஒரு சட்டி. கண்ணுக்குப் புனித லூசியம்மாளிடம் நேர்ந்து பதக்கத்தைக் கழுத்தில் போட்டாள், முதுகுக்கு அந்தோனியாரிடம் நேர்ந்து அவர் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றில் இடுப்பில் கட்டினாள். டாக்டர்மாரையும் அப்படியே பிரித்தாள். கண்டியில் கண் டாக்டர் வேறு நோய் வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள், நானும் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

இரண்டு கண்ணிலும் பின்னால் நரம்பின் முனை வீங்கியிருக்கிறது, தலைக்குள் கட்டி இருக்கலாம் என்று அவர் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே தலையை எத்தனையோ விதமாகப் படம் பிடித்தும் கட்டி இல்லை, பார்வை மட்டும் குறைந்துகொண்டே போனது. மிச்சக் காலம் இவளுக்கு இருட்டுத்தானா என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன் மகளே. இன்னொரு படம் எடுக்கப் போனபோது, உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாளாம் நர்ஸ் மிஸி. லூசியம்மாளைக் கழற்றிக் கொடுத்தவள் இடுப்பில் கை வைக்க விடவில்லையாம், இது கண்ணுக்கு இல்லைங்க, இது முதுகுக்கு, அது வேற வருத்தம் என்றாளாம். மிஸி சிரித்துக்கொண்டே இதை டாக்டரிடம் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. உடனே வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பிறகு முதுகெலும்புக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார். கட்டி அங்கேதான் இருந்தது.

மூளையைச் சுற்றியிருப்பதும் முதுகெலும்புக்குள் இருப்பதும் ஒரே நீர்தான், கீழே கட்டி அதைக் கெடுத்ததால் மேலே அழுத்தம் கூடிக் கண் நரம்பு வீங்கிவிட்டது, எப்போதாவது அருமையாகத்தான் இப்படி வரும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். மேலும் கீழும் ஒரே பீலிக் குழாயில் ஓடும் தண்ணீர் என்று நான் விளங்கிக்கொண்டேன், மிச்சம் படிக்கிற உனக்குத் தெரியும். உயிர்த்த திருநாளுக்கு முந்தி ஒப்பரேஷன் செய்தார்கள், கெட்ட கட்டி இல்லையாம். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது எந்தப் புனிதருக்கு நேர்ச்சை செலுத்துவது என்று கேட்டேன், ரெண்டு பேருக்குந்தான், ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்கிறாள். அந்த மிஸிக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

நர்ஸ் உடுப்போடு நீ எடுத்து அனுப்பிய போட்டோ தை மாதம் வந்தபோது அம்மா அதைத் தடவித் தடவி, எம்புள்ள ரொம்ப அழகா இருக்கா என்றாள். நேற்று அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தவள், இவ கன்னம் ஒட்டிப்போச்சு, சாப்புடாம கெடக்கா, இத்தன நாளா நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல்ல என்று என்னை ஏசத் தொடங்கினாள். அவள் ஏச ஏச நான் சிலுவை போட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகையால் மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. தேவமாதா உன்னைக் காப்பாளாக. சாப்பிட்டு உடம்பு தேறியபின் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. இனிமேல் அம்மாவை ஏமாற்ற முடியாது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ரபாயேல்